யுஎஸ்பி சீரியல் ரெடி ஆயிடுச்சான்னு போர்டுக்கு எப்படித் தெரியும்? பிகோ, லியோனார்டோ, எஸ்டிஎம்32, ஈஎஸ்பி32-எஸ்3க்கான முழு வழிகாட்டி

புதுசா வர்றவங்க கேக்குற கேள்வி பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணாத்தான் இருக்கும். "கம்ப்யூட்டர்ல செருகினா ஓடுது, பவர் பேங்க்ல செருகினா ஓடவே மாட்டேங்குது." "செட்டப்ல போட்ட முதல் நாலஞ்சு வரி மானிட்டர்ல வரவே இல்ல, லூப்ல போட்டது மட்டும் வருது." "சீரியல் மானிட்டரை மூடினதும் மோட்டார் விட்டு விட்டு சுத்துது." மூணும் வேற வேற பிரச்சினை மாதிரி தெரியும், ஆனா மூணுக்கும் வேர் ஒண்ணுதான். யுஎஸ்பி சீரியல், அதாவது யுஎஸ்பி கேபிள் வழியா போர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கிற போர்ட், எப்ப ரெடி ஆகுது, எப்ப போயிடுதுன்னு நம்ம புரோகிராம் சரியா பாக்கல.

கீழ இருக்குற வரிசையை மாத்தாம போங்க. நேரா கோடுக்குத் தாவுறவங்கதான் திரும்பத் திரும்ப ஒரே இடத்துல மாட்டுறாங்க.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கைல இருக்க வேண்டியது

முதல்ல டேட்டா போற கேபிள். வீட்ல கிடக்குற கேபிள்ல பாதி சார்ஜுக்கு மட்டும்தான் ஆகும், உள்ள டேட்டா ஒயரே இருக்காது. போர்டுல லைட் எரியும், ஆனா கம்ப்யூட்டர் கண்டுக்காது. போனை அதே கேபிள்ல மாட்டி ஃபைல் போகுதான்னு பாத்துட்டு அந்த கேபிளுக்கு ஒரு டேப் சுத்தி அடையாளம் வச்சுக்கங்க.

ரெண்டாவது, ஒரு எல்ஈடி. போர்டுலயே இருந்தா போதும். யுஎஸ்பி சீரியல் வரலன்னா ஏன் வரலன்னு யுஎஸ்பி சீரியல்லயே பிரிண்ட் போட்டுப் பாக்க முடியாதுல்ல, அதுக்குத்தான்.

மூணாவது, முடிஞ்சா ஒரு தனி யுஏஆர்டி (ஆர்எக்ஸ், டிஎக்ஸ் ரெண்டு ஒயர்ல ஓடுற சீரியல்) கன்வர்ட்டர், சிஎச்340, சிபி2102 எதுவா இருந்தாலும் சரி, போர்டோட ஹார்டுவேர் டிஎக்ஸ் பின்ல மாட்டி லாக் பாக்க. எஸ்டிஎம்32ல இறங்குறவங்களுக்கு இது கட்டாயம்னே சொல்லுவேன். பிகோவுக்கு இல்லாமலும் சமாளிக்கலாம்.

லினக்ஸ்ல இருக்குறவங்க உங்க யூசர் டயல்அவுட் குரூப்ல இருக்கான்னு பாத்துக்கங்க, டிஸ்ட்ரோவைப் பொறுத்து குரூப் பேர் மாறும். போர்ட்டைத் திறக்க பர்மிஷனே இல்லாம போர்டைத் திட்டிக்கிட்டு உக்காந்திருக்குறது ரொம்ப சகஜம்.

2. உங்க போர்டு எந்த வகைன்னு முடிவு பண்ணுங்க

யூனோ ஆர்3, சிஎச்340 போட்ட நானோ, பழைய ஈஎஸ்பி32 டெவ்கிட், இதுலல்லாம் யுஎஸ்பி பேசுறது மெயின் சிப் இல்ல. பக்கத்துல ஒரு பிரிட்ஜ் சிப் இருக்கும், யூனோ ஆர்3ல அது ஏடிமெகா16யு2. மெயின் சிப்புக்குத் தெரிஞ்சது வெறும் ஆர்எக்ஸ், டிஎக்ஸ் ரெண்டு ஒயர் மட்டும். அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் இருக்கா, மானிட்டர் திறந்திருக்கான்னு அதுக்குத் தெரிய வழியே கிடையாது. அதனாலதான் யூனோல சீரியல் ரெடியான்னு கேட்டா எப்பவும் ஆமான்னுதான் சொல்லும்.

ஆனா யூனோல முதல் வரி ஒருநாளும் தவறாது, ஏன்? மானிட்டரைத் திறந்தா டிடிஆர் சிக்னல் (போர்ட்டைத் திறந்தாச்சுன்னு கம்ப்யூட்டர் குடுக்குறது) ஒரு சின்ன கெபாசிட்டர் வழியா ரீசெட் பின்னைத் தட்டுது, போர்டு முதல்லேர்ந்து ஓடுது. நீங்க திறந்ததுக்கு அப்புறம்தான் புரோகிராமே ஆரம்பிக்குது, அப்புறம் எப்படி தவறும். யூனோல பழகிட்டு பிகோவுக்கோ லியோனார்டோவுக்கோ போறவங்க தடுக்கி விழுறது இங்கதான், அங்க திறந்தா ரீசெட் ஆகாது, புரோகிராம் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும்.

நேட்டிவ் யுஎஸ்பி போர்டுன்னா லியோனார்டோ, மைக்ரோ (ரெண்டும் ஏடிமெகா32யு4), ராஸ்பெர்ரி பை பிகோ, ஈஎஸ்பி32-எஸ்2, எஸ்3, சி3, எஸ்டிஎம்32 ப்ளூ பில், பிளாக் பில், டீன்சி, இதெல்லாம். இதுல யுஎஸ்பி மெயின் சிப்புக்குள்ளயே இருக்கு, ரெடியா இல்லையான்னு கண்டுபிடிக்கவும் முடியும். சில எஸ்3 போர்டுல ரெண்டு யுஎஸ்பி சாக்கெட் இருக்கும், ஒண்ணு பிரிட்ஜ், ஒண்ணு நேட்டிவ். எதுல செருகியிருக்கீங்கன்னு போர்டுல பொறிச்சிருக்குறதைப் படிச்சுட்டு மேல போங்க.

உங்க போர்டு பிரிட்ஜ் வகைன்னா 3ஐ மட்டும் படிச்சுட்டு நேரா 9க்குப் போயிடுங்க, நடுவுல இருக்குற மீதி உங்களுக்கு இல்ல.

3. "ரெடி"ன்னா எதுன்னு முடிவு பண்ணுங்க

ரெடிங்கிறதுல நாலு படி இருக்கு, இதைக் கலக்கிக்கிட்டாத்தான் எல்லாக் குழப்பமும்.

ஒண்ணு, கேபிள்ல 5 வோல்ட் வந்திருக்கு. பவர் பேங்க்கும் இதைக் குடுக்கும், சார்ஜரும் குடுக்கும்.

ரெண்டு, கம்ப்யூட்டர் போர்டை அடையாளம் கண்டு, அட்ரஸ் குடுத்து, செட் கான்ஃபிகரேஷன் கட்டளை அனுப்பியிருக்கு. இதைத்தான் எனுமரேஷன் முடிஞ்சதுன்னு சொல்றோம். இப்ப போர்ட் பேர் லிஸ்ட்ல தெரியும், ஆனா யாரும் அதைத் திறக்கல.

மூணு, ஏதோ ஒரு புரோகிராம் போர்ட்டைத் திறந்திருக்கு. இது டிடிஆர் வழியா தெரியும்.

நாலு, திறந்த புரோகிராம் நிஜமாவே படிச்சுக்கிட்டு இருக்கு, அதுவும் நீங்க நெனச்ச அதே புரோகிராம். போன்ல ரிங் போறது வேற, எடுக்கிறது வேற, எடுத்தது நாம கூப்பிட்ட ஆள்தானாங்கிறது வேற இல்லையா, அதே கதை.

டிபக் பிரிண்ட் மட்டும் பாக்கணும்னா மூணாவது படி போதும். கம்ப்யூட்டர்ல உங்க சொந்த சாஃப்ட்வேர் டேட்டா வாங்குதுன்னா நாலாவது வேணும். பேட்டரில ஓடுற டிவைஸ், செருகினா சார்ஜிங் ஸ்கிரீன் காட்டணும்னா முதல் படியே போதும். உங்களுக்கு எதுன்னு பேப்பர்ல எழுதிக்கிட்டே கீழ வாங்க, கிண்டல் பண்ணல.

4. எல்ஈடியை முதல்ல ஓட விடுங்க

செட்டப்ல முதல் வேலை எல்ஈடி பின்னை அவுட்புட் ஆக்கி ஒரு தடவை ஆன் பண்றது. சீரியல் ஆரம்பிக்கிற வரி அதுக்கு அப்புறம்தான்.

ஏன்னா சீரியலுக்காகக் காத்திருக்குற இடத்துல புரோகிராம் நின்னுட்டா, வெளிய இருந்து பாக்க போர்டு செத்த மாதிரியே இருக்கும். எல்ஈடி வேகமா மினுக்கினா காத்திருக்கு, மெதுவா மினுக்கினா ஓடுது, எரியவே இல்லன்னா அங்க வரவே இல்லன்னு வச்சுக்கங்க. போர்டு போயிடுச்சுன்னு நெனச்சு புதுசு வாங்குனவங்களை எனக்குத் தெரியும், போர்டு பாவம் மானிட்டர் திறக்கக் காத்துக்கிட்டு இருந்துச்சு.

5. எனுமரேஷன் முடிய விடுங்க

போர்டு ஆன் ஆனதும் டி பிளஸ் லைன்ல 1.5 கிலோஓம் புல்அப் போடும், ஃபுல் ஸ்பீடு டிவைஸ் வந்திருக்குன்னு கம்ப்யூட்டருக்கு அதுதான் தகவல். அப்புறம் கனெக்ஷன் நிலையா இருக்கான்னு குறைஞ்சது 100 மில்லிசெகண்ட் பாத்துட்டுத்தான் ரீசெட் குடுத்து, டிஸ்கிரிப்டர் எல்லாம் கேட்டு வாங்கி, கடைசியா கான்ஃபிகர் பண்ணும். அதனால பவர் குடுத்த அடுத்த நொடியே பிரிண்ட் போட்டா அது போய்ச் சேர இடமே கிடையாது. எவ்வளவு நேரம் ஆகும்னு ஒரே நம்பர் சொல்ல முடியாது, கம்ப்யூட்டர், ஹப், டிரைவர் எல்லாத்தையும் பொறுத்தது. அதனால "1 செகண்ட் டிலே போட்டா சரியாயிடும்"னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, அவங்க மேஜையில சரியாயிருக்கும், உங்க மேஜையில ஆகாது.

இந்த நேரத்துல போர்டு சும்மா இருக்கக் கூடாது, கம்ப்யூட்டர் கேக்குற ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லணும். டைனியுஎஸ்பியை (போர்டு பக்கம் யுஎஸ்பி பேசுற லைப்ரரி) நேரடியா பயன்படுத்துறவங்க மாட்டுற இடம் இதுதான். டியுடி_சிடிசி_கனெக்டட் (சிடிசின்னா யுஎஸ்பி சீரியலுக்கான ஸ்டாண்டர்ட்) உண்மை ஆகுற வரைக்கும் ஒரு வெத்து வொயில் லூப் போடுவாங்க, உள்ள டியுடி_டாஸ்க் கூப்பிட மாட்டாங்க. பதில் சொல்ல வேண்டிய ஆளே அந்த டாஸ்க்தான், அதை நிறுத்தி வச்சுட்டு ரெடியா ரெடியான்னு கேட்டா காலத்துக்கும் ஆகாது. லூப்புக்குள்ள முதல் வரியா டியுடி_டாஸ்க் இருக்கட்டும். இன்டரப்ட்டை ஆஃப் பண்ணிட்டு காத்திருக்குறதும் இதே ரகம். பிகோ எஸ்டிகேவோட (பிகோவுக்கான அதிகாரப்பூர்வ லைப்ரரித் தொகுப்பு) ஸ்டாண்டர்ட் யுஎஸ்பி ஸ்டிடிஓ பின்னணியில தானே இதைப் பாத்துக்கும், அங்க கவலை இல்ல.

ரெண்டாவது படி முடிஞ்சதான்னு கேக்க டைனியுஎஸ்பில டியுடி_மவுண்டட் இருக்கு. எஸ்டிஎம்32ல யுஎஸ்பி ஹேண்டில்ல இருக்குற டெவ்_ஸ்டேட், யுஎஸ்பிடி_ஸ்டேட்_கான்ஃபிகர்டுக்குச் சமமான்னு பாருங்க. இதைப் பாக்காம மெயின் ஆரம்பிச்ச உடனே சிடிசி_டிரான்ஸ்மிட்_எஃப்எஸ் கூப்பிட்டா, கிளாஸ் டேட்டா பாயிண்டர் இன்னும் செட் ஆகாமலே இருக்கலாம், அதை நம்பி உள்ள போனா என்ன நடக்கும்னு சொல்ல முடியாது.

ப்ளூ பில் வச்சிருக்குறவங்களுக்கு மட்டும் ரெண்டு விஷயம். நிறைய போர்டுல டி பிளஸ் புல்அப் ரெசிஸ்டர் 1.5 கிலோஓமுக்குப் பதிலா 10 கிலோஓம் போட்டு வருது, சில கம்ப்யூட்டர்ல ஓடும் சிலதுல ஓடாது, மீட்டர் வச்சு அளந்து பாருங்க. அப்புறம் அந்த ரெசிஸ்டர் நேரா 3.3 வோல்ட்ல கட்டியிருக்கு, அதனால புதுசா ஃபிளாஷ் பண்ணி போர்டு ரீசெட் ஆனாலும் கம்ப்யூட்டருக்கு டிவைஸ் போயிட்டு வந்த மாதிரியே தெரியாது, பழைய கனெக்ஷன்னே நெனச்சுக்கிட்டு இருக்கும். யுஎஸ்பி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பிஏ12 பின்னைக் கொஞ்ச நேரம் அவுட்புட்டா லோ பண்ணி விட்டீங்கன்னா, பிடுங்கிச் செருகின மாதிரி ஆயிடும்.

6. போர்ட் திறந்திருக்கான்னு டிடிஆர் பாருங்க

கம்ப்யூட்டர்ல ஒரு புரோகிராம் போர்ட்டைத் திறந்தா, டிரைவர் போர்டுக்கு செட் கண்ட்ரோல் லைன் ஸ்டேட்னு ஒரு கட்டளை அனுப்பும், ஹெக்ஸ்ல 22. அதோட வேல்யூல 0ஆவது பிட் டிடிஆர், 1ஆவது பிட் ஆர்டிஎஸ். மூடினா டிடிஆர் 0 ஆகித் திரும்ப ஒரு கட்டளை வரும். பெரும்பாலான லைப்ரரி உள்ள பாக்குறது இதைத்தான், பேர்தான் மாறுது. போர்டு வாரியா சொல்றேன்.

லியோனார்டோ, மைக்ரோ: சீரியலை உண்மையா பொய்யான்னு கேட்டா போதும். ஆனா ஒரு விஷயம் நிறைய பேர் கவனிக்கிறதில்ல, அந்தக் கேள்விக்குள்ளயே 10 மில்லிசெகண்ட் டிலே ஒளிஞ்சிருக்கு. ஒவ்வொரு பிரிண்டுக்கு முன்னாடியும் இஃப் சீரியல்னு போட்டீங்கன்னா ஒவ்வொரு தடவையும் 10 மில்லிசெகண்ட் காலி, லூப் செகண்டுக்கு 100 தடவைக்கு மேல ஓடவே ஓடாது. என்கோடர் கவுண்ட் தவறுது, பட்டன் சரியா பிடிக்கலன்னு வர்ற புகார்கள்ல இதுவும் ஒரு காரணம். செட்டப்ல காத்திருக்க அது ஓகே, லூப்புக்குள்ள சீரியல்.டிடிஆர் பயன்படுத்துங்க, அதுல இந்த டிலே கிடையாது.

பிகோ, எஸ்டிகேல: ஸ்டிடிஓ_யுஎஸ்பி_கனெக்டட். நேரா டைனியுஎஸ்பின்னா டியுடி_சிடிசி_கனெக்டட், இது டிவைஸ் கான்ஃபிகர் ஆகியிருக்கா, சஸ்பெண்ட்ல இல்லாம இருக்கா, டிடிஆர் இருக்கா மூணையும் சேத்தே பாக்கும். மாறுற அந்த நிமிஷத்துலயே தெரியணும்னா டியுடி_சிடிசி_லைன்_ஸ்டேட்_சிபி கால்பேக்கை எழுதிக்கங்க, டிடிஆர், ஆர்டிஎஸ் ரெண்டும் ஆர்க்யுமென்ட்டாவே வரும்.

எஸ்டிஎம்32, கியூப் (எஸ்டிஎம்32க்கு ஆரம்பக் கோடு எழுதிக் குடுக்குற டூல்) உருவாக்கிக் குடுத்த கோடு: யுஎஸ்பிடி_சிடிசி_ஐஎஃப் ஃபைல்ல சிடிசி_கண்ட்ரோல்_எஃப்எஸ் ஃபங்ஷன் இருக்கும், உள்ள செட் கண்ட்ரோல் லைன் ஸ்டேட்டுக்கு ஒரு கேஸ் காலியா கிடக்கும். அதை நிரப்ப வேண்டியது நம்ம வேலை. இந்தக் கட்டளைக்குத் தனியா டேட்டா கிடையாதுங்கிறதால லைப்ரரி பிபஃப் வழியா ரிக்வெஸ்டையே அனுப்பி வைக்குது. அதை செட்டப் ரிக்வெஸ்ட் டைப்புக்கு காஸ்ட் பண்ணி டபிள்யுவேல்யூவோட 0ஆவது பிட்டைப் பாருங்க, இல்லன்னா பிபஃப்போட 2ஆவது இண்டெக்ஸ் பைட்டுல அதே பிட்டைப் பாத்தாலும் ஒண்ணுதான். நிறைய பேர் 0ஆவது இண்டெக்ஸைப் பாத்துட்டு எப்பவும் ஒரே வேல்யூ வருதேன்னு முழிப்பாங்க, அங்க இருக்குறது ரிக்வெஸ்ட் டைப். எடுத்த பிட்டை ஒரு வாலடைல் வேரியபிள்ல போடுங்க, இது இன்டரப்ட்டுக்குள்ள நடக்குது, வாலடைல் இல்லன்னா ஆப்டிமைசர் மெயின் லூப்புல உங்க காத்திருப்பை முடிவில்லாததா ஆக்கிடும்.

ஈஎஸ்பி32-எஸ்3, சி3: ஆர்டுயினோ மெனுல யுஎஸ்பி சிடிசி ஆன் பூட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அது ஆஃப்ல இருந்தா சீரியல்ங்கிறது யுஏஆர்டி பின்னுக்குப் போயிடும், நேட்டிவ் சாக்கெட்டுல ஒண்ணும் வராது. முதல்ல அதைப் பாருங்க. அப்புறம், உள்ள இருக்குற யுஎஸ்பி சீரியல் ஜேடேக் ஹார்டுவேரை ஐடிஎஃப்ல (ஈஎஸ்பி32க்கான அதிகாரப்பூர்வ எஸ்டிகே) யுஎஸ்பி_சீரியல்_ஜேடேக்_இஸ்_கனெக்டட்னு கேட்டா, அது கம்ப்யூட்டர்லேர்ந்து 1 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை வர்ற ஸ்டார்ட் ஆஃப் ஃபிரேம் பாக்கெட் வருதான்னுதான் பாக்குது. அதாவது கம்ப்யூட்டர் இருக்குன்னு தெரியும், மானிட்டர் திறந்திருக்கான்னு தெரியாது. பேரை நம்பி இதை மூணாவது படின்னு நெனச்சுடாதீங்க.

இப்ப டிடிஆர் பொய் சொல்ற இடங்கள்.

திறந்தும் டிடிஆர் வராம இருக்கலாம். டாட்நெட்டோட சீரியல்போர்ட் கிளாஸ்ல டிடிஆர்எனேபிள் தானா ஆஃப்ல இருக்கும். சி ஷார்ப்ல ஆப் எழுதி, "ஆர்டுயினோ மானிட்டர்ல வருது, என் ஆப்ல மட்டும் வரல"ன்னா 10க்கு 9 இதுதான். அந்த ஒரு ப்ராப்பர்ட்டியை ட்ரூ பண்ணுங்க. பைசீரியல்ல இந்தத் தொல்லை இல்ல, அது தானாவே டிடிஆர் ஏத்திடும். கம்ப்யூட்டர் பக்கம் உங்க கைல இல்லன்னா பிகோ எஸ்டிகேல டிடிஆர் இல்லாமலே கனெக்ட் ஆனதா எடுத்துக்குற ஒரு டெஃபைன் இருக்கு, பிகோ_ஸ்டிடிஓ_யுஎஸ்பி_கனெக்ஷன்_வித்தவுட்_டிடிஆர்.

நீங்க திறக்காமலே டிடிஆர் வரவும் வரலாம். லினக்ஸ்ல மோடம்மேனேஜர் ஓடிக்கிட்டு இருந்தா புதுசா வர்ற டிடிஒய்ஏசிஎம் (லினக்ஸ் யுஎஸ்பி சீரியலுக்கு வைக்கிற பேர்) போர்ட்டைத் திறந்து, மோடமா இருக்குமோன்னு ஏடி கட்டளை அனுப்பிப் பாக்கும். போர்டு "ஆகா, ஆள் வந்தாச்சு"ன்னு வரவேற்பு வரியை அதுகிட்ட கொட்டிடும், நீங்க திறக்கும்போது ஒண்ணும் இருக்காது, கூடவே ஏ, டின்னு விளங்காத எழுத்து ஆர்எக்ஸ்ல வந்து கிடக்கும். யுடெவ் ரூல்ல (லினக்ஸ்ல டிவைஸுக்கு எழுதுற விதி) உங்க போர்டோட விஐடி, பிஐடிக்கு (தயாரிப்பாளர், டிவைஸ் அடையாள எண்கள்) ஐடி_எம்எம்_டிவைஸ்_இக்னோர் 1னு போட்டா ஒதுங்கிக்கும்.

7. காத்திருங்க, ஆனா கெடு வச்சு

சீரியல் வர்ற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்குற அந்த ஒத்தை வரி வொயில் லூப், எல்லா உதாரணக் கோடுலயும் இருக்கு, அப்படியே காப்பி அடிச்சு வயல்ல வைக்கிற சென்சார்லயும் போட்டுடுறாங்க. கம்ப்யூட்டர் இல்லாத இடத்துல டிடிஆர் ஒருநாளும் வராது, புரோகிராம் அங்கேயே நின்னுடும். மேல சொன்ன பவர் பேங்க் கேஸ் இதுதான்.

செய்ய வேண்டியது: லூப்புக்கு முன்னாடி மில்லிஸ் (போர்டு ஓட ஆரம்பிச்சு எத்தனை மில்லிசெகண்ட் ஆச்சுங்கிறது) வேல்யூவை அன்சைன்டு லாங்ல எடுத்து வைங்க. லூப் கண்டிஷன்ல ரெண்டு இருக்கணும், சீரியல் இன்னும் வரல, கூடவே இப்ப மில்லிஸ்லேர்ந்து ஆரம்ப மில்லிஸைக் கழிச்சா 3000க்குக் கம்மி. ரெண்டுல எது முறிஞ்சாலும் வெளிய வந்துடும். கழிச்சுத்தான் பாக்கணும், ஆரம்பத்தோட 3000 கூட்டி ஒப்பிடாதீங்க. பூட்ல இது பெரிசா தெரியாது, ஆனா இதே கோடை நாளைக்கு லூப்புக்குள்ள கொண்டு போவீங்க, அப்ப சுமார் 49 நாள்ல மில்லிஸ் திரும்ப 0லேர்ந்து ஆரம்பிக்கும்போது கூட்டல் முறை சொதப்பும், கழித்தல் சொதப்பாது.

3000ங்கிறது வேதவாக்கு இல்ல. மேஜையில டெவலப் பண்ணும்போது 5000 கூட வச்சுக்கங்க, மானிட்டரைத் திறக்க நேரம் கிடைக்கும். களத்துக்குப் போற பில்டுல 0 வச்சாலும் தப்பில்ல, ஏன்னா 8ல சொல்லப்போற மாதிரி எழுதிட்டா பூட்ல காத்திருக்கவே தேவையில்ல.

பிகோ எஸ்டிகேல இதை நீங்க எழுத வேண்டாம், பிகோ_ஸ்டிடிஓ_யுஎஸ்பி_கனெக்ட்_வெயிட்_டைம்அவுட்_எம்எஸ்னு ஒரு டெஃபைன் இருக்கு. 0னா காத்திருக்காது, அதுதான் டிஃபால்ட், பாசிட்டிவ்னா அத்தனை மில்லிசெகண்ட், நெகட்டிவ்னா முடிவே இல்லாம. இதை சிமேக் ஃபைல்ல கம்பைல் டெஃபினிஷனா குடுக்கணும், மெயின் ஃபைல் மேல எழுதினா ஒண்ணும் நடக்காது, லைப்ரரி ஃபைல் தனியா கம்பைல் ஆகுதுல்ல.

டிடிஆர் வந்ததும் உடனே கொட்டிடாதீங்க, 50லேர்ந்து 100 மில்லிசெகண்ட் விடுங்க. இதுக்குக் காரணம் சுவாரஸ்யமானது. லினக்ஸ்ல போர்ட்டைத் திறந்த அந்தக் கணத்துல டிடிஒய்யோட எக்கோ ஆன்ல இருக்கலாம், டெர்மினல் புரோகிராம் அடுத்ததாத்தான் அதை ரா மோடுக்கு (எக்கோ இல்லாம அப்படியே கடத்துற நிலை) மாத்தும். அந்த இடைவெளியில நீங்க அனுப்பினது எல்லாம் கெர்னல் அப்படியே உங்களுக்கே திருப்பி அனுப்பிடும். உங்க போர்டு "மெனு: 1 ஸ்டார்ட், 2 ஸ்டாப்"னு அனுப்பும், அதுவே எக்கோ ஆகி வந்து, உள்ள இருக்குற 1ஐ யாரோ அழுத்தினதா நெனச்சு மோட்டாரை ஸ்டார்ட் பண்ணிடும். இப்படி ஒண்ணு நடந்தா கோடுல எங்க தேடினாலும் கிடைக்காது. பிகோ எஸ்டிகே கனெக்ட் ஆக காத்திருந்துட்டு அப்புறம் 50 மில்லிசெகண்ட் விடுறதும் இந்த மாதிரி ஆரம்பக் குழப்பம் அடங்கட்டும்னுதான். காத்து முடிச்சதும் ஆர்எக்ஸ்ல வந்து கிடக்குறதை எல்லாம் படிச்சுத் தூக்கி எறிஞ்சுட்டு அப்புறம் முதல் வரியை அனுப்புங்க.

8. எழுதும்போது மாட்டிக்காதீங்க, போனதையும் கவனிங்க

ரெடிங்கிறது ஒரு தடவை பாத்துட்டு மறக்குற விஷயம் இல்ல. பூட்ல இருந்த மானிட்டர் அஞ்சு நிமிஷம் கழிச்சு இருக்காது.

போர்ட் திறந்திருந்து யாரும் படிக்கலன்னா பஃபர் நிரம்பும், நிரம்பினதும் எழுதுற ஃபங்ஷன் கொஞ்ச நேரம் நிக்கும். லியோனார்டோல சுமார் 250 மில்லிசெகண்ட், பிகோ எஸ்டிகேல டிஃபால்ட்டா 500 மில்லிசெகண்ட். மோட்டார் விட்டு விட்டு சுத்துறதுக்குக் காரணம் இந்த மாதிரி ஒரு நிறுத்தம்தான். டைனியுஎஸ்பின்னா டியுடி_சிடிசி_ரைட்_அவெய்லபிள் கேட்டு இடம் இருந்தா மட்டும் எழுதுங்க, எழுதிட்டு ஃபிளஷ் பண்ணுங்க, பண்ணலன்னா 64 பைட் பாக்கெட் நிரம்புற வரைக்கும் உள்ளயே கிடக்கலாம். எஸ்3, சி3ல சீரியல்.செட்டிஎக்ஸ்டைம்அவுட்எம்எஸ் 0. எஸ்டிஎம்32ல சிடிசி_டிரான்ஸ்மிட்_எஃப்எஸ் பிஸின்னு திருப்பினா ஓகே வர்ற வரைக்கும் லூப் போடாதீங்க, படிக்க ஆள் இல்லன்னா பிஸி பிஸியாவே இருக்கும். லாக் வரியைத் தூக்கிப் போட்டுட்டு வேலையைப் பாருங்க, லாக் போனா குடி முழுகிடாது.

போனதைக் கண்டுபிடிக்கிறதுல ரெண்டு வழி. மானிட்டரை மூடினா டிடிஆர் 0 ஆகுற தகவல் வரும், சிக்கல் இல்ல. லினக்ஸ்ல ஹெச்யுபிசிஎல் செட்டிங்கை (மூடும்போது டிடிஆரை இறக்குறது) யாராச்சும் ஆஃப் பண்ணி வச்சிருந்தா மட்டும் மூடினாலும் டிடிஆர் அப்படியே நிக்கும். கேபிளைப் பிடுங்கினா கதை வேற, தகவல் சொல்ல கம்ப்யூட்டரே இல்லையே. யுஎஸ்பி பவர்ல ஓடுற போர்டுன்னா அதுவும் சேந்து ஆஃப் ஆயிடும், கவலை இல்ல. பேட்டரில ஓடுற போர்டுன்னா பழைய டிடிஆர் வேல்யூ உள்ள அப்படியே நின்னுக்கிட்டு இன்னும் ஆள் இருக்குன்னு சொல்லிக்கிட்டு இருக்கலாம். பஸ்ல 3 மில்லிசெகண்ட் அசைவு இல்லன்னா அது சஸ்பெண்ட், டைனியுஎஸ்பியோட கனெக்டட் இதைக் கணக்குல எடுத்துக்குது. எஸ்டிஎம்32ல நீங்க வச்சிருக்குற டிடிஆர் வேரியபிளை சஸ்பெண்ட் கால்பேக்லயும் ரீசெட் கால்பேக்லயும் நீங்களே 0 பண்ணணும், இது மறந்துபோற இடம். ஆனா கம்ப்யூட்டர் தூங்கினாலும் சஸ்பெண்ட்தான், பிடுங்கினாலும் சஸ்பெண்ட்தான், ரெண்டையும் பிரிக்கணும்னா யுஎஸ்பியோட 5 வோல்ட்டை ரெண்டு ரெசிஸ்டர்ல பிரிச்சு ஒரு பின்ல பாக்கணும். பிகோல ஜிபிஐஓ 24லயே இது இருக்கு, பிகோ டபிள்யூல அந்த வேலை வயர்லெஸ் சிப் பக்கத்துக்குப் போயிடுச்சு, நேரா ஜிபிஐஓ 24 படிச்சா தப்பா வரும்.

கோடுல இதை எப்படி வைக்கிறதுன்னா, போன சுத்துல கனெக்ட் ஆகியிருந்துச்சாங்கிறதை ஒரு பூலியன்ல வைங்க. இப்ப ஆமா, அப்ப இல்லன்னா: நேரத்தைக் குறிச்சுக்கங்க, 100 மில்லிசெகண்ட் கழிச்சு ஆர்எக்ஸைக் காலி பண்ணி வெர்ஷன் நம்பர், ரீசெட் காரணம் எல்லாம் அனுப்புங்க. இப்ப இல்ல, அப்ப ஆமான்னா: பாதியில நிக்கிற கட்டளை பஃபரைத் துடைங்க, இல்லன்னா அடுத்து வர்ற கட்டளை பழைய பாதியோட ஒட்டிக்கும். இப்படி எழுதிட்டா நடு ராத்திரில லேப்டாப்பைக் கொண்டுபோய்ச் செருகினாலும் முதல் வரியிலேர்ந்து தெரியும், பூட்ல காத்திருக்குற வேலையே போயிடும். என்னைக் கேட்டா 7ஐ விட இதுதான் முக்கியம்.

9. நாலாவது படிக்கு ஹேண்ட்ஷேக்

டிடிஆர் யாரோ திறந்திருக்காங்கன்னு மட்டும்தான் சொல்லும், யாருன்னு சொல்லாது. உங்க சொந்த சாஃப்ட்வேர்தான் வேணும்னா, அல்லது உங்க போர்டு பிரிட்ஜ் வகைன்னா, இது ஒண்ணுதான் வழி.

போர்டு வாயைத் திறக்காம இருக்கட்டும். கம்ப்யூட்டர் முதல்ல ஒரு வரி அனுப்பட்டும், உதாரணமா கேள்விக்குறியும் நியூலைனும். போர்டு தன் பேர், வெர்ஷன் ஒரே வரியில பதில் சொல்லட்டும், அது சரியா வந்ததுக்கு அப்புறம்தான் டேட்டா. பதில் வரலன்னா கம்ப்யூட்டர் அரை செகண்டுக்கு ஒரு தடவை திரும்பக் கேக்கட்டும், யூனோ மாதிரி போர்டு திறந்ததும் ரீசெட் ஆகி பூட்லோடர்ல கொஞ்ச நேரம் இருக்குங்கிறதால முதல் கேள்வி காத்துல போயிடும், அது சகஜம்.

கேக்குறது கம்ப்யூட்டரா இருக்கணும்ங்கிறதுக்குக் காரணம் 7ல சொன்ன எக்கோதான் (போர்டு அனுப்பினதையே லினக்ஸ் திருப்பி அனுப்புறது), கூடவே 6ல சொன்ன மோடம்மேனேஜர் (மோடமான்னு ஏடி அனுப்பிப் பாக்குற லினக்ஸ் புரோகிராம்). போர்டு தானா பேசலன்னா எக்கோ ஆகவும் ஒண்ணும் இல்ல, ஏடின்னு யாராச்சும் வந்தா அது நம்ம கேள்வி இல்லன்னு தள்ளிடலாம்.

பாட் ரேட் பத்தி ஒரு வார்த்தை. நேட்டிவ் யுஎஸ்பில 9600ம் 115200ம் ஒண்ணுதான், வேகம் மாறாது. ஆனா 1200 மட்டும் தொடாதீங்க. லியோனார்டோல 1200ல திறந்து மூடினா பூட்லோடருக்குப் போயிடும், பிகோ எஸ்டிகேலயும் டிஃபால்ட்டா 1200 வச்சா பூட்செல் (புது புரோகிராம் ஏத்துற) மோடுக்குப் போயிடும். பழைய மெஷினோட பேசுற பழக்கத்துல 1200 வச்சவங்க போர்டு தானா காணாமப் போகுதுன்னு புலம்புவாங்க.

10. இந்த வரிசையில சோதிச்சுப் பாருங்க

முதல்ல கம்ப்யூட்டரே இல்லாம, பவர் பேங்க்ல. எல்ஈடி மெதுவா மினுக்குற நிலைக்கு வந்தாகணும். இது தோத்தா மத்த சோதனை எதுக்கும் போகாதீங்க, 7ல கெடு வைக்கல.

அப்புறம் கம்ப்யூட்டர்ல செருகி மானிட்டர் திறக்காம ஒரு நிமிஷம் விடுங்க, எல்ஈடியோட தாளம் மாறக் கூடாது. மாறினா எழுதுற இடத்துல எங்கயோ மாட்டுது.

இப்ப மானிட்டரைத் திறங்க, வெர்ஷன் வரி முழுசா, ஒரே ஒரு தடவை வரணும். மூடித் திரும்பத் திறந்தா திரும்ப ஒரு தடவை. வேற வேற டெர்மினல்ல பாருங்க, ஒண்ணுல வந்து இன்னொண்ணுல வரலன்னா டிடிஆர் பிரச்சினை.

லினக்ஸ்ல மானிட்டர் ஓடிக்கிட்டு இருக்கும்போது கண்ட்ரோல் இசட் அடிச்சு அந்த புரோகிராமை நிறுத்தி வைங்க, போர்ட் திறந்தே இருக்கும் ஆனா யாரும் படிக்க மாட்டாங்க. ஸ்கிரீன், மினிகாம் மாதிரி டெர்மினல்கள் அந்தக் கீயைத் தாங்களே விழுங்கிடும், அதனால சின்ன பைசீரியல் ஸ்கிரிப்ட் ஒண்ணு இதுக்கு வசதி. எல்ஈடி தாளம் இப்பவும் மாறக் கூடாது. நிறைய கோடு இங்கதான் விழும்.

கடைசியா, பேட்டரி போட்ட டிவைஸா இருந்தா மானிட்டர் திறந்திருக்கும்போதே கேபிளைப் பிடுங்குங்க, கொஞ்ச நேரம் விட்டு வேற கம்ப்யூட்டர்ல செருகுங்க, அங்க மானிட்டர் திறக்குறதுக்கு முன்னாடி போர்டு கனெக்டட்னு சொல்லுதான்னு தனி யுஏஆர்டி லாக்ல பாருங்க. சொன்னா 8ல சொன்ன சஸ்பெண்ட் கால்பேக்ல டிடிஆரை 0 பண்ற வரி விட்டுப்போயிருக்கு.